மழைக்காலக் காய்ச்சலும் மூடிய யன்னலும்

கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. கணவருக்குக் கோட்டையில் வேலை, போக வர பஸ். மகன் தரம் 4, ஸ்கூல் வேனில் போகிறான். மகளுக்கு இரண்டரை வயது. எழுபத்தொரு வயது மாமியும் கூட இருக்கிறார், அவருக்குச் சீனி வருத்தம். வருடத்தில் இரண்டு முறையாவது காய்ச்சல் ஒருவரில் தொடங்கி ஐந்து பேரையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகிறது. "கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறோம், பிள்ளைகளை மழையில் விடுவதில்லை, விற்றமின் சி குளிசை கொடுக்கிறோம். இதற்கு மேல் என்ன செய்வது?" என்று கேட்டிருந்தீர்கள்.

நான் டொக்டர் இல்லை. கொழும்பு 6 இல் ஒரு பாமசியின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்கிறேன். ஒரு வீட்டில் முதல் ஆள் பனடோல் வாங்க வந்த நாளையும், அதே வீட்டிலிருந்து கடைசி ஆள் வந்த நாளையும் பார்க்கக் கிடைக்கிற இடம் அது. அங்கே நின்று பார்த்த அளவில் சொல்வதானால், நீங்கள் செய்கிற மூன்றிலும் தவறில்லை. ஆனால் மூன்றுமே ஃபுளூ வைரஸ் வருகிற பாதையில் நிற்கவில்லை. அது வருவது பக்கத்தில் இருப்பவரின் மூச்சில். ஆகவே காற்றோட்டம், தடுப்பூசி, காய்ச்சல்காரர் வெளியே போகாமல் இருப்பது என்ற இவற்றை முதலில் பாருங்கள். கை கழுவுவது அதற்கடுத்தது. கொத்தமல்லி அதற்கும் பிறகு.

முதலில் எது ஃபுளூ என்று பிரித்துக்கொள்வோம். மூக்கு ஓடினாலே ஃபுளூ என்று சொல்கிற பழக்கம் நமக்கு. தடிமன் மெல்ல வரும். ஒரு நாள் தொண்டை அரிக்கும், மறுநாள் மூக்கு ஓடும், மூன்றாம் நாள் குரல் கம்மும். ஆனாலும் ஆள் வேலைக்குப் போய் வருவார். ஃபுளூ, அதாவது இன்ஃபுளுவென்சா, சொல்லாமல் கொள்ளாமல் வரும். மத்தியானச் சாப்பாடு வரை நன்றாக இருந்த மனிதர் பின்னேரம் நாலு மணிக்குக் குளிரில் நடுங்கிக்கொண்டு, கண்ணுக்குப் பின்னால் நோவோடும் முதுகு முறிகிற வலியோடும் வீட்டுக்கு வருவார். வறட்டு இருமல், 102, 103 என்று காய்ச்சல், படுத்தால் எழும்ப முடியாத களைப்பு.

மனிதரைப் படுத்துவது முக்கியமாக ஏ, பி என்ற இரண்டு வகை. ஏ வகையில் இப்போது வருடா வருடம் சுற்றுவது எச்1என்1, எச்3என்2. பி வகையில் முன்பு விக்டோரியா, யமகாட்டா என்று இரண்டு கிளை இருந்தது. அந்த யமகாட்டாவை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டவர் இல்லை. கொவிட் காலத்தில் எல்லோரும் மாஸ்க் போட்டு, வீட்டோடு இருந்ததில் ஒரு வைரஸ் கிளையே காணாமல் போயிற்று என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் நினைக்கிறார்கள். கொவிட்டுக்காகச் செய்தது, விழுந்தது ஃபுளூ! மூச்சையும் கூட்டத்தையும் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்கு அது ஒன்றே போதும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். வைரஸ் ஏறி 1 முதல் 4 நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் காட்டும். ஆனால் காய்ச்சல் காட்டுவதற்கு ஒரு நாள் முன்பே அந்த ஆள் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். பிறகும் 5 முதல் 7 நாள் வரை கொடுப்பார், சின்னப் பிள்ளைகள் இன்னும் கூடுதலாக. முதல் மூன்று நாள்தான் மோசம். உங்கள் வீட்டில் இதைப் போட்டுப் பாருங்கள். திங்கட்கிழமை வேனில் மகனுக்கு ஏறுகிறது, புதன் காய்ச்சல். ஆனால் செவ்வாய் இரவே அவன் தங்கச்சியோடு ஒரே தலையணையில் படுத்துக் கார்ட்டூன் பார்த்திருப்பான். வியாழன் அவளுக்கு. அவளை மடியில் வைத்துக்கொண்டிருந்த மாமிக்குச் சனி. ஒரு சுற்று என்று நீங்கள் சொன்னது இதைத்தான்.

சரி, மழை. நனைந்தால் காய்ச்சல் வருமா? வைரஸ் இல்லாமல் வராது. நடுக்கடலில் தனியாக நனைகிற மீனவருக்கு ஃபுளூ கொடுக்க ஆளில்லை. அதற்காக மழைக்கும் ஃபுளூவுக்கும் தொடர்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். இலங்கையில் இது பொதுவாக வருடத்தில் இரண்டு தடவை ஏறும். தென்மேல் பருவப்பெயர்ச்சி பிடிக்கிற மே, ஜூன், ஜூலையில் ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. மழை வந்தால் நாம் என்ன செய்கிறோம் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும்.

ஜூன் மாதத்தில் ஒரு பின்னேரம் ஐந்தரைக்குக் கோட்டையிலிருந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் வருகிறீர்கள் என்று வையுங்கள். காலிமுகத்திடலைத் தாண்டும்போது யன்னல்கள் திறந்திருக்கும், கடல் காற்று முகத்தில் அடிக்கும். சனம் நெருக்கி நின்றாலும் பரவாயில்லை. கொள்ளுப்பிட்டிக்கும் பம்பலப்பிட்டிக்கும் இடையில் மழை பிடிக்கும். முன் சீட்டில் இருக்கிற பெண் யன்னலை இழுப்பார். அது அசையாது. பின் சீட்டுக்காரர் எழுந்து கை கொடுப்பார், டக் என்று மூடும். அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். இரண்டு நிமிடத்தில் பஸ் முழுக்க மூடி, கண்ணாடியில் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாது. எந்த ஹோல்ட் வந்தது என்று பார்க்க ஆட்கள் விரலால் கண்ணாடியைத் துடைப்பார்கள். அந்த விரலில் ஒட்டுவது மழைத்தண்ணீர் இல்லை, பஸ்ஸில் இருக்கிற அறுபது எழுபது பேரின் மூச்சு. அதில் ஒருவர் இருமிக்கொண்டிருந்தால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே உங்கள் கணவருக்கு இரண்டு விஷயம். யன்னல் ஓரம் இடம் கிடைத்தால் ஒரு நாலு விரல் திறந்து வைக்கச் சொல்லுங்கள். கொஞ்சம் தூவானம் அடிக்கும், ஒரு லேஞ்சியை மடியில் போட்டுக்கொண்டால் போயிற்று. பக்கத்தில் இருப்பவர் முறைத்தால் அப்போது இரண்டாவது விஷயம்: சட்டைப் பையில் ஒரு மாஸ்க். நாள் முழுக்கப் போட்டுக்கொண்டு திரிய வேண்டாம். மூடிய பஸ், கூட்டமான லிப்ட், கிளினிக்கில் காத்திருக்கும் கதிரை, இந்த இடங்களுக்கு மட்டும் போதும். மூக்கை மூட வேண்டும். மூக்குக்குக் கீழே இறக்கிய மாஸ்க் தாடிக்குத்தான் பாதுகாப்பு. நனைந்துவிட்டால் மாற்ற வேண்டும்.

ஏசி பற்றியும் பலர் தவறாக நினைக்கிறார்கள். சுவரில் தொங்குகிற சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறையில் இருக்கிற காற்றையே குளிராக்கித் திருப்பித் திருப்பி விடும். எட்டுப் பேர் இருக்கிற கந்தோர் அறையில் காலை ஒன்பதிலிருந்து கதவு யன்னல் மூடியிருந்தால், மத்தியானத்தில் எட்டுப் பேரும் ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் யன்னலைத் திறந்தாலே வித்தியாசம் உண்டு. மகனின் வேனிலும் அதே கதைதான். பதினைந்து பிள்ளைகள், மூடிய கண்ணாடி, காலை ஆறே காலுக்கு ஏசி. வேன் அங்கிளிடம் பேசுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தால் காற்று உள்ளே புகுந்து மறுபக்கம் போகும். நாலைந்து தாய்மார் சேர்ந்து கேட்டால் அவர் மறுக்க மாட்டார்.

வீட்டிலும் இதே விதிதான், ஒரு யன்னல் திறந்தால் போதாது. காற்று நுழைய ஒரு பக்கம், போக எதிர்ப்பக்கம் வேண்டும். இங்கே கொழும்புக்கே உரிய ஒரு சிக்கல் வரும். யன்னலைத் திற என்று நான் சொல்ல, நுளம்பு வரும், டெங்கு வரும் என்று உங்கள் மாமி சொல்வார். மாமி சொல்வது சரி. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, விடிந்த கையோடும் பொழுதுபடும் முன்பும் கூடுதலாகக் கடிக்கும். ஃபுளூவுக்குப் பயந்து டெங்குவை வாங்கிக்கொள்வது புத்தியில்லை. அதனால் இரண்டு யன்னலுக்காவது வலை அடியுங்கள். ஒட்டி எடுக்கக்கூடிய வலை ஹார்ட்வெயார் கடைகளில் இருக்கிறது, கழற்றிக் கழுவலாம். கழுவத்தான் வேண்டும். காலி வீதிப் பக்கத்து வீடுகளில் வலையின் கண் மூன்று மாதத்தில் புழுதியால் அடைபட்டுவிடும், பிறகு அது வலை இல்லை, சுவர்.

கைக்கு வருகிறேன். இதில் ஒன்றை நீங்களே இன்று மத்தியானம் வீட்டில் கவனித்துப் பாருங்கள். சாப்பிட உட்காருவதற்கு முன்பு நம் ஆட்கள் பைப்பைத் திறந்து விரல் நுனியை நனைத்துவிட்டு வருவார்கள். சாப்பிட்ட பிறகுதான் சவர்க்காரம் போட்டு வடிவாகத் தேய்ப்பார்கள், மீன் மணம் போக வேண்டுமே! வைரஸைப் பொறுத்தவரை இது தலைகீழ். வாய்க்குப் போவதற்கு முன்பு இருக்கிற கையில்தான் பஸ் கம்பி, லிப்ட் பொத்தான், கொண்டக்டர் நாக்கில் தொட்டு எண்ணித் தந்த மிச்சக்காசு எல்லாம் இருக்கிறது. இன்ஃபுளுவென்சா வைரஸ் எவர்சில்வர், பிளாஸ்டிக் போன்ற வழுவழுப்பான பொருள்களில் 24 முதல் 48 மணி நேரம் வரை உயிர்ப்போடு இருக்கக்கூடும், துணியிலும் கடதாசியிலும் 8 முதல் 12 மணி நேரம். கையில் மட்டும் ஐந்து நிமிடம் தாக்குப் பிடிப்பதே அதிகம். ஆனால் ஐந்து நிமிடம் நமக்குத் தாராளம். அவுஸ்திரேலியாவில் மருத்துவ மாணவர் 26 பேரை வீடியோவில் பார்த்து எண்ணியிருக்கிறார்கள், 2015 இல் வெளிவந்த ஆய்வு. ஒருவர் மணிக்குச் சராசரி 23 தடவை தன் முகத்தைத் தொட்டிருக்கிறார், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு கண், மூக்கு, வாயில். டொக்டருக்குப் படிக்கிறவர்களின் கதையே அது என்றால் நாம் எந்த மூலைக்கு?

இந்த வைரஸுக்கு வெளியே ஒரு கொழுப்புப் படலம் உண்டு. சவர்க்காரம் எண்ணெய்ச் சட்டியைக் கழுவுகிற மாதிரி அந்தப் படலத்தைக் கரைத்துவிடும், பிறகு வைரஸால் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு விலை கூடிய கிருமிநாசினிச் சவர்க்காரம் தேவையில்லை. உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியும் போதும். விரல் இடுக்கு, பெருவிரல், நகத்தடி எல்லாம் படும்படி 20 விநாடி தேய்க்க வேண்டும். சானிடைசர் வாங்கினால் அற்ககோல் 60 சதவீதத்துக்குக் குறையாததாகப் பாருங்கள். லேபலில் வீதம் போடாத போத்தலை நான் வாங்க மாட்டேன். கையில் எண்ணெயோ அழுக்கோ இருந்தால் அது சரியாக வேலை செய்யாது, கொத்துரொட்டி சாப்பிட்ட கையில் சானிடைசர் தேய்ப்பது வீண்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், சொன்னால் கோபிப்பார்கள். ஒரே கோப்பையில் சோறு குழைத்து, ஒரு உருண்டை பெரியவனுக்கு, ஒரு உருண்டை சின்னவளுக்கு என்று மாறி மாறித் தீத்துவது. என் அம்மம்மா எங்கள் நாலு பேருக்கும் அப்படித்தான் தீத்தினார், அந்த ருசி இன்னும் நாக்கில் நிற்கிறது. மற்ற நாளில் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது இருமல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு கிழமைக்குக் கோப்பையும் வேறு, கையும் வேறு. பிள்ளையின் மூக்கைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு அதே கையால் வெங்காயம் உரிப்பதும் அந்தக் கிழமையில் வேண்டாம்.

இனி ஊசி. உங்கள் கேள்வியில் இது இல்லவே இல்லை. கேட்காதவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபுளூவுக்கு வருடாந்தத் தடுப்பூசி இருக்கிறது. அரசாங்கம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் போடுகிற தடுப்பூசி அட்டவணையில் இது இல்லாததால் பலருக்குத் தெரியாது. தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கட்டிப் போடலாம். ஐந்து பேருக்கும் போட்டால் கை கடிக்கும் என்பது எனக்கும் தெரியும். காசு ஒருவருக்குத்தான் இருக்கிறது என்றால் மாமிக்கு. இரண்டு பேருக்கு என்றால் சின்னவளுக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், சீனி, இருதயம், சிறுநீரகம், முட்டு வருத்தம் உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் ஃபுளூ நியுமோனியாவாக மாறி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற அபாயம் கூட. கர்ப்பிணி போட்டால் பிறக்கிற பிள்ளைக்கும் முதல் சில மாதம் பாதுகாப்புக் கிடைக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு ஊசி போட முடியாது என்பதால் இது பெரிய விஷயம். சின்னவளுக்கு இது முதல் தடவை என்றால் நாலு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி, 9 வயதுக்குள் முதல் தடவை போடுகிற பிள்ளைகளுக்கு அதுதான் முறை.

ஊசி நூறு வீதம் காக்காது. சுற்றுகிற வைரஸோடு நன்றாகப் பொருந்துகிற வருடங்களில் டொக்டரிடம் போக வேண்டிய அளவு ஃபுளூவை 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். மீறி வந்தாலும் பெரும்பாலும் வேகம் குறைந்து வரும். "ஊசி போட்டுத்தான் எனக்குக் காய்ச்சலே வந்தது" என்று கவுண்டரில் வந்து சண்டை பிடித்தவர்கள் உண்டு. கையில் போடுகிற ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டு, அதனால் ஃபுளூ வராது. ஒன்றிரண்டு நாள் கை நோகும், உடம்பு கொஞ்சம் காயும். தவிர, பாதுகாப்பு ஏற இரண்டு கிழமை ஆகும், அதற்குள் பஸ்ஸில் பிடித்தால் ஊசி என்ன செய்யும்?

ஏன் வருடா வருடம் என்றால் வைரஸ் முகம் மாற்றிக்கொண்டே இருக்கிறது. பொரளையில் இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம்தான் இலங்கையின் தேசிய இன்ஃபுளுவென்சா நிலையம். இப்படிப் பல நாட்டு ஆய்வுகூடங்கள் தருகிற தகவலை வைத்து உலக சுகாதார நிறுவனம் பெப்ரவரியில் ஒரு தடவையும் செப்டெம்பரில் ஒரு தடவையும், அடுத்த ஊசியில் எந்த வைரஸ்கள் சேர வேண்டும் என்று அறிவிக்கும். ஆகவே போடும்போது புதிய சேர்க்கைதானா, காலாவதித் திகதி என்ன என்று கேளுங்கள். சித்திரை வருடப்பிறப்பையொட்டிப் போட்டால் மே மாதத்து ஏற்றத்துக்கு முன்பு உடம்பு தயாராகிவிடும்.

ஊசி மருந்தை வெளியே வாங்கிக்கொண்டு குடும்ப டொக்டரிடம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது 2 முதல் 8 பாகை குளிரில் இருக்க வேண்டியது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஐயா எங்களிடம் வாங்கிக்கொண்டு போனார். டொக்டர் அன்று இல்லை. இரண்டு நாள் கழித்து வந்து, பெருமையாக, "தம்பி, நான் கவனமாக ஃப்ரீசரில், மீனுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்" என்றார். கட்டியாக உறைந்துபோயிருந்தது. உறைந்தால் அந்த மருந்து வீண், திரும்ப உருக்கினாலும் சரிவராது. வாங்கும்போது நான் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அன்றிலிருந்து போடப்போகும் இடத்திலேயே வாங்குங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

அடுத்தது எல்லோரும் செய்கிற, யாரும் ஒத்துக்கொள்ளாத ஒன்று. காலை ஐந்தரைக்குப் பிள்ளைக்கு உடம்பு சுடுகிறது. அன்று தவணைப் பரீட்சை, அல்லது புலமைப்பரிசில் வகுப்பு. ஒரு பனடோல் பாணியைக் கொடுத்து, ஆறு மணிக்கு நெற்றி குளிர்ந்ததும் சீருடையைப் போட்டு வேனில் ஏற்றிவிடுகிறோம். பத்து மணிக்குக் காய்ச்சல் திரும்ப ஏறும்போது அவன் முப்பத்தைந்து பேர் இருக்கிற வகுப்பில் நடுவில் இருப்பான். பனடோல் காய்ச்சலைத்தான் இறக்கும், தொற்றை இல்லை. பனடோல் கொடுக்காமலே காய்ச்சல் இல்லாமல் 24 மணி நேரம் போன பிறகுதான் பள்ளிக்கூடம், ரியூஷன், கந்தோர் எல்லாம். மற்றப் பிள்ளைகளின் தாய்மாரும் இதைச் செய்தால்தான் உங்கள் மகனுக்கும் பயன். கலியாண வீட்டுக்கும் இதே விதிதான். பம்பலப்பிட்டியில் ஏசி மண்டபத்தில் நானூறு பேர் நடுவில் இருமிக்கொண்டு போய் நிற்பதைவிட, போன் எடுத்து வாழ்த்திவிட்டுப் பிறகு ஒரு நாள் வீட்டுக்குப் போகலாம். குறை நினைப்பார்கள்தான். நினைக்கட்டும்.

இனி வீட்டில் முதல் ஆளுக்குக் காய்ச்சல் வந்த அன்றைக்கு. இரண்டு அறை வீட்டில் தனி அறை என்பது கனவு, ஆனாலும் ஓரளவு செய்யலாம். காய்ச்சல்காரரை யன்னல் இருக்கிற அறையில் விடுங்கள். ஸ்டாண்ட் ஃபேனை அவர் மேல் திருப்பாமல், யன்னலுக்குப் பக்கத்தில் வெளிப்பக்கம் பார்த்து வையுங்கள். அறையின் காற்றை அது தெருவுக்குத் தள்ளும், கதவு வழியாக நல்ல காற்று உள்ளே வரும். செலவில்லாத இந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் குறைவு. அவருக்கு என்று ஒரு கோப்பை, ஒரு துவாய், ஒரு தலையணை. பராமரிக்க ஒரே ஆள், அது நீங்கள் அல்லது கணவர். மாமி இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மடியில் தூக்கிவைத்து நெற்றியில் ஈரத்துணி போடுவது பாட்டிமார்தான், அவர்களைத் தள்ளி உட்காரச் சொல்வது மனதுக்குக் கஷ்டம். "உங்களுக்கு வந்தால் சீனி ஏறும் மாமி, பிறகு உங்களை யார் பார்ப்பது" என்று நேராகச் சொல்லுங்கள். மாமியின் பாய் அந்தக் கிழமை ஹோலில் இருக்கட்டும். அறைக்குள் போகும்போது நீங்களும் காய்ச்சல்காரரும் மாஸ்க் போடுங்கள், இரண்டரை வயதுப் பிள்ளைக்குப் போட்டு நிற்காது, அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம். கதவுப் பிடி, ரிமோட், போன், இவற்றை நாளுக்கு ஒரு தடவை சவர்க்காரத் துணியால் துடைத்தால் போதும். வீடு முழுக்க டெட்டோல் மணக்கத் தெளிக்கத் தேவையில்லை.

கொத்தமல்லியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனால் என்னை விடமாட்டீர்கள். கொத்தமல்லி, இஞ்சி, பனங்கற்கண்டு போட்டு அவித்த தண்ணீர் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர், சாப்பிடப் பிடிக்காத நேரத்தில் ஒரு தெம்பு. நானும் குடிக்கிறேன். ஆனால் வராமல் தடுக்கும் என்று நினைத்து அதைக் குடித்துவிட்டு மூடிய பஸ்ஸில் ஏறாதீர்கள். சமஹன் மூலிகைப் பக்கற்றும் அப்படித்தான், மிளகு ரசமும் அப்படித்தான். விற்றமின் சி நாள்தோறும் போட்டாலும் சாதாரண ஆட்களுக்குத் தடிமன் வருவது குறையவில்லை என்றுதான் ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தக் குளிசைக் காசுக்குக் கொய்யாவும் தோடம்பழமும் நெல்லிக்காயும் வாங்குங்கள். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தேன் தரக்கூடாது. பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க விடாதீர்கள், கொதிதண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த பிள்ளைகளுக்குக் களிம்பு கேட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

நித்திரைக்கு மட்டும் நான் கூடுதல் மதிப்புக் கொடுப்பேன். அமெரிக்காவில் 164 பேரின் மூக்கில் தடிமன் வைரஸை விட்டுப் பார்த்தார்கள். இரவில் 6 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு, 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட நாலு மடங்கு தடிமன் பிடித்தது. அது தடிமன் வைரஸ், ஃபுளூ இல்லை. ஆனாலும் பதினொரு மணி வரை ரியூஷன் வீட்டுவேலை செய்துவிட்டு ஐந்து மணிக்கு எழும்புகிற தரம் 4 பிள்ளையை நினைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

கடைசியாக மருந்து. கொழும்பில் காய்ச்சல் என்றால் ஃபுளூ என்று நீங்களே முடிவு கட்டக்கூடாது, டெங்குவாகவும் இருக்கலாம். இருமலும் மூக்கொழுகலும் இருந்தால் ஃபுளூவின் பக்கம் சாயலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. காரணம் தெரியும் வரை பனடோல் மட்டும்தான். இபுப்ரோஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட், அஸ்பிரின் எதையும் காய்ச்சலுக்குத் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் இரத்தக்கசிவைக் கூட்டிவிடும். ஃபுளூவாக இருந்தாலும் பிள்ளைகளுக்கு அஸ்பிரின் ஆபத்து. மாமிக்கு இருதயத்துக்கு என்று டொக்டர் ஏற்கெனவே அஸ்பிரின் எழுதியிருந்தால் அதை என்ன செய்வது என்று அவரிடமே கேளுங்கள். பனடோல் வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை ஒரு தடவைக்கு 2, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 24 மணி நேரத்தில் 8க்கு மேல் கிடையாது. பிள்ளைக்கு நிறையைப் பார்த்துத்தான் அளவு. தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பனடோலில் இருக்கிற அதே பரசிட்டமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்துப் போட்டால் அளவு தாண்டும். காய்ச்சல் மூன்றாம் நாளும் நிற்காவிட்டால் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

அன்டிபயோட்டிக் ஃபுளூவைத் தொடாது. "போன முறை ஐந்து நாள் போட்ட சிவப்புக் கெப்சூல்" என்று கேட்டு வருகிறவர்களை நான் வெறுங்கையோடு அனுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள், அங்கே சில நேரம் கிடைத்தும் விடுகிறது. ஃபுளூவுக்கு என்று ஒசல்டமிவிர் என்ற மருந்து உண்டு. டொக்டர் எழுதித்தான் எடுக்க வேண்டும், தொடங்கி 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்ல பலன். உங்கள் கணவர் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாம். ஆனால் அபாயம் கூடிய மாமியும் சின்னவளும் பொறுக்கக்கூடாது, முதல் நாளே டொக்டர்.

மூச்சு வாங்குவது, நெஞ்சு நோ, உதடு நீலம் பாய்வது, பேச்சுத் தடுமாறுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, பிள்ளை பாலைக்கூடத் தள்ளிவிட்டுச் சோர்ந்து கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் பனடோலுக்கு அடுத்த மணி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் நன்றாக இருந்துவிட்டுத் திரும்பவும் இருமலோடு ஏறினாலும் அப்படித்தான், அது நியுமோனியாவாக இருக்கலாம். 1990 க்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூன்றாம் மாடி என்பதையும் லிப்ட் வேலை செய்கிறதா என்பதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள்.